ஓரத்து ஊர்களின் வரவு செலவு



இன்றைய பேச்சு ஒரு கணக்கைப் பற்றியது. இது மளிகைக் கடைக் கணக்கு அல்ல. மகளிர் சங்கத்துக் கணக்கும் அல்ல. ஒரு பெரிய நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கல் கணக்கு. அந்த நகரம் பெங்களூர். அந்த ஊர்கள் பெல்லந்தூர், வர்த்தூர், மண்டூர், மாவள்ளிபுரா, தேவனஹள்ளி போன்றவை. இவற்றை ஓரத்து ஊர்கள் என்று சொல்லலாம்.

ஓரத்து ஊர் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் பத்து மாடிக் கட்டடம். அதன் நிழலில் ராகிக் கொல்லை. விடியற்காலையில் அம்மா பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறாள். மகள் கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறாள். அப்பா வயலில் இருக்கிறார். மகன் டாக்சி ஓட்டுகிறான். அது முழுக் கிராமமும் இல்லை. முழு நகரமும் இல்லை. இரண்டும் சேரும் இடம்.

இப்படிப்பட்ட ஊர்கள் இந்தியாவில் எல்லாப் பெரிய நகரங்களைச் சுற்றியும் இருக்கின்றன. நகரம் வளரும்போது முதலில் மாறுவது இவைதான். மாற்றம் நல்லதா, கெட்டதா? அது கணக்கைப் பொறுத்தது.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். 'நீடித்த வளர்ச்சி' என்பது அந்தச் சொல். 1987-ல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஒரு குழு இதற்கு விளக்கம் சொன்னது. நார்வே நாட்டின் பிரதமராக இருந்த குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் என்ற பெண்மணி அதன் தலைவர். அந்த விளக்கத்தின் சாரம் இதுதான்: இன்றுள்ளவர்களின் தேவை தீர வேண்டும், நாளை வருபவர்களின் தேவைக்கும் மிச்சம் இருக்க வேண்டும். இது உழவர்களுக்குப் புதிது அல்ல. எவ்வளவு பசித்தாலும் விதை ராகியைக் களி கிண்ட மாட்டார்கள். அதுதான் நீடித்த வளர்ச்சி.

இனி கணக்கைப் பார்ப்போம்.

தண்ணீர்க் கணக்கு

பெங்களூர் மேட்டு நிலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. ஆகவே அந்தக் காலத்து மக்கள் ஏரி வெட்டினார்கள். 1537-ல் கெம்பே கவுடர் நகரத்தை அமைத்தார். அவர் காலத்திலும் பல ஏரிகள் வெட்டப்பட்டன. ஓர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். இந்தக் கால்வாயை ராஜகால்வாய் என்கிறார்கள். ஏரிக்குக் கீழே நெல்லும் காய்கறியும் விளைந்தன. கிணற்றில் ஊற்று வற்றாமல் இருந்தது. மீனும் கிடைத்தது.

நகரம் பெருத்தது. உள்ளே இருந்த ஏரிகள் பல மறைந்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமே! 1974 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. அது சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. சுமார் 500 மீட்டர் உயரம் பம்பு வைத்து ஏற்றவேண்டும். கரண்டுச் செலவு எவ்வளவு ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

2007-ல் பெங்களூர் மாநகராட்சி பெரிதாக்கப்பட்டது. ஏழு நகராட்சிகள், ஒரு பேரூர், 110 கிராமங்கள் அதில் சேர்க்கப்பட்டன. பஞ்சாயத்து போனது. மாநகராட்சி வந்தது. வீட்டு வரி வந்தது. அடுக்கு மாடி வீடுகள் வந்தன. ஆனால் காவிரித் தண்ணீர் உடனே வரவில்லை. இந்த 110 கிராமங்களுக்கென்று போட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. நடுவில் 17 வருடம் ஓடிவிட்டது. 2007-ல் பிறந்த குழந்தை அதற்குள் பி.யு.சி. படிக்கப் போய்விட்டது.

அந்த 17 வருடமும் மக்கள் எதைக் குடித்தார்கள்? பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். இல்லாவிட்டால் டேங்கர் லாரித் தண்ணீர். டேங்கருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இன்னும் சற்றுத் தள்ளி இருக்கும் ஊரின் போர்வெல்லிலிருந்து வரும். விவசாயம் கட்டாமல் போனவர் தண்ணீரை விற்றார். அவருக்குக் கையில் காசு வந்தது. ஆனால் நிலத்தடித் தண்ணீருக்கு வேலி கிடையாது. ஒருவர் இறைத்து விற்றால் பக்கத்துக் கொல்லைக்காரர் கிணறும் வற்றும். 2024 கோடையில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தது. நகரத்தில் உள்ள 13,900 போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. ஏறக்குறைய பாதி! விதை ராகியைத் தின்றால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சாக்கடைக் கணக்கு

குடித்த தண்ணீர், குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது? பள்ளத்துக்குப் போகிறது. மேட்டில் நகரம் இருந்தால் பள்ளத்தில் ஓரத்து ஊர் இருக்கும். மழைத் தண்ணீருக்காக வெட்டிய ராஜகால்வாயில் சாக்கடை ஓடியது. அது ஏரியில் போய் விழுந்தது.

பெல்லந்தூர் ஏரி பெங்களூரின் பெரிய ஏரி. சுமார் 900 ஏக்கர் பரப்பு. நெல்லுக்கும் காய்கறிக்கும் பாய்ந்த ஏரி அது. சுத்தம் செய்யாத சாக்கடை பல வருடம் அதில் சேர்ந்தது. சோப்பும் இரசாயனமும் சேர்ந்து நுரை பொங்கியது. காற்றடித்தால் நுரை ரோட்டுக்குப் பறந்து வந்தது. 2015-ல் அந்த நுரை தீப்பிடித்தது. 2017-லும் ஏரியில் தீ எழுந்தது. 2018 ஜனவரியில் மறுபடியும் பெரிய தீ. இராணுவ வீரர்கள் வந்து தீயை அணைக்க வேண்டியிருந்தது. தண்ணீரைக் கொண்டு தீயை அணைப்பார்கள். இங்கே தண்ணீர் இருக்க வேண்டிய இடமே எரிந்தது. அதன் பிறகு நீதிமன்ற உத்தரவுகள் வந்தன. தூர் வாரும் வேலை தொடங்கியது.

பெல்லந்தூர்த் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து தென்பெண்ணை ஆற்றில் சேர்கிறது. தென்பெண்ணை எங்கே போகிறது? ஓசூருக்குப் போகிறது. அங்கே கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. அந்த அணையிலும் நுரை பொங்குகிறது. பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாக ஓடி, கடலூர் அருகே ஆறு கடலில் கலக்கிறது. ஆக, பெங்களூரில் ஒரு வீட்டில் ஊற்றும் சோப்புத் தண்ணீர் மாநில எல்லையில் நிற்பதில்லை.

குப்பைக் கணக்கு

நகரத்தின் சமையலறையில் காய்கறி வருகிறது. அது ஓரத்து ஊர்களிலிருந்து வருகிறது. காய்கறித் தோலும் பிளாஸ்டிக் பையும் திரும்பிப் போகின்றன. அவையும் ஓரத்து ஊர்களுக்குத்தான் போயின.

மாவள்ளிபுரா வடக்கே உள்ள ஊர். மண்டூர் கிழக்கே உள்ள ஊர். இந்த ஊர்களில் லாரி லாரியாகக் குப்பை கொட்டப்பட்டது. மலைபோல் குவிந்தது. நாற்றம், ஈ, கொசு, நாய்த் தொல்லை. குப்பையிலிருந்து வடிந்த கறுப்புத் தண்ணீர் நிலத்தில் இறங்கியது. மக்கள் மனு கொடுத்தார்கள். போராடினார்கள். 2012-ல் மாவள்ளிபுராக் குப்பை மேடு மூடப்பட்டது. உடனே என்ன ஆனது? நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. அப்போதுதான் நகரத்துக்குத் தன் குப்பை கண்ணில் பட்டது. அந்த வருடம் அக்டோபர் முதல், வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்று மாநகராட்சி விதி போட்டது.

ஆனால் மண்டூருக்கு லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. 2014 ஜூனில் மண்டூர் மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள். லாரிகளை மறித்தார்கள். அந்த வருடக் கடைசியோடு குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது.

நகர வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை. தனியாகப் பிரித்தால் அது எரு. பிளாஸ்டிக்கோடு கலந்தால் அது விஷம். ஓர் ஊருக்குப் போவது எருவா விஷமா என்பது, நகரத்தில் ஒரு வீட்டில் இரண்டு தொட்டி வைக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

நிலக் கணக்கு

தேவனஹள்ளி திப்பு சுல்தான் பிறந்த ஊர். பம்ளிமாஸ் பழத்துக்கும் திராட்சைக்கும் பெயர் போன பகுதி. அங்கே சுமார் 4,000 ஏக்கரில் விமான நிலையம் வந்தது. 2008 மே மாதம் விமானங்கள் பறந்தன. அதைச் சுற்றி ரோடு, ஓட்டல், தொழிற்பேட்டை என்று வந்துகொண்டே இருந்தன.

2022-ல் சன்னராயபட்டணா ஹோபளியில் 13 கிராமங்களின் 1,777 ஏக்கர் நிலத்தை விமானத் தொழிற்பேட்டைக்கு எடுக்க அரசு முனைந்தது. அங்கே ராகி, காய்கறி, திராட்சை, பட்டு, பால் எல்லாம் உண்டு. சிறு விவசாயிகள் பலர். 'நிலம் கொடுக்க மாட்டோம்' என்று உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் மூன்று வருடத்துக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா அந்த நில எடுப்பைக் கைவிடுவதாக அறிவித்தார். விரும்பிக் கொடுப்பவர் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

இதில் ஒரு நியாயத்தைக் கவனியுங்கள். எல்லா விவசாயியும் நிலத்தைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மகள் கல்யாணத்துக்கோ, மகன் படிப்புக்கோ ஒருவர் விற்கலாம். அது அவர் உரிமை. ஆனால் விற்பது வேறு, பிடுங்குவது வேறு. இன்னொன்றும் உண்டு. நிலத்துக்காரருக்கு விலை கிடைக்கும். கூலி வேலை செய்தவருக்கு என்ன கிடைக்கும்? மேய்ச்சல் நிலத்தில் ஆடு மேய்த்தவருக்கு என்ன கிடைக்கும்? ஏரியில் மீன் பிடித்தவருக்கு? அவர்கள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஓரத்து ஊரில் அதிகம் இழப்பவர்கள் இவர்கள்தான்.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். ஓரத்து ஊர்கள் கொடுப்பது பால், காய்கறி, பூ, தண்ணீர், நிலம், உழைப்பு. பெறுவது என்ன? வேலை கிடைக்கிறது. பஸ் வசதி வருகிறது. பெரிய ஆஸ்பத்திரி, காலேஜ் பக்கத்தில் வருகின்றன. இதெல்லாம் உண்மை, மறைக்கக் கூடாது. அதோடு சாக்கடையும் குப்பையும் வருகின்றன. வற்றிய கிணறும் மிஞ்சுகிறது. இந்தக் கணக்கு நேராகவில்லை.

நேர் செய்ய முடியுமா?

முடியும். செய்து காட்டிய இடங்கள் உள்ளன.

வடக்கு பெங்களூரில் ஜக்கூர் ஏரி இருக்கிறது. சுமார் 160 ஏக்கர். அங்கே சாக்கடைத் தண்ணீர் நேராக ஏரியில் விழாதபடி ஏற்பாடு செய்தார்கள். முதலில் சுத்திகரிப்பு நிலையம். அடுத்து கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்புக் குட்டை. பிறகுதான் ஏரி. ஆலையும் செடியும் சேர்ந்து அழுக்கைக் குறைக்கின்றன. ஏரியில் மீன் பிடிக்கிறார்கள். சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் ஊறுகிறது.

கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் உள்ளது. நகரத்தின் கழிவுநீர் அங்கே ஆழமில்லாத குளங்களில் தேங்குகிறது. வெயில் பட்டுப் பாசி வளர்கிறது. மீன் பாசியைத் தின்று வளர்கிறது. அந்த மீனும் அங்கே விளையும் காய்கறியும் திரும்பவும் நகரத்துக்கே போகின்றன. துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர் இதன் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2002-ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதை அப்படியே எல்லா ஊரிலும் செய்ய முடியாது. தொழிற்சாலை இரசாயனம் கலந்த தண்ணீருக்கு இது பொருந்தாது.

கோலார் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே வற்றாத ஆறு இல்லை. போர்வெல் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்டது. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, குழாய் வழியாகக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் என்று பெயர். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், 126 ஏரிகள் என்பது இலக்கு. 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரிக்குத் தண்ணீர் வந்தது. காய்ந்து கிடந்த ஏரியில் தண்ணீர் பார்த்த மக்கள் மகிழ்ந்தார்கள். அடுத்த மாதமே ஏரியில் நுரை வந்தது. உயர் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தி வைத்தது. பிறகு திட்டம் மறுபடி நடந்தது. கிணறுகளில் நீர் மட்டம் ஏறியது என்று சொல்லும் விவசாயிகள் இருக்கிறார்கள். இரண்டு கட்டச் சுத்தம் போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. தண்ணீர் வேண்டும். அது நல்ல தண்ணீராகவும் வேண்டும்.

கணக்கை யார் எழுதுவது?

இதுவரை ஓரத்து ஊர்களின் கணக்கை நகரம்தான் எழுதியது. ஊர் மக்கள் உட்கார்ந்து எழுதினால்தான் கணக்கு நேராகும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

1992-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 73-ஆவது திருத்தம் பஞ்சாயத்துக்கு. 74-ஆவது திருத்தம் நகராட்சிக்கு. பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் பெருநகரப் பகுதிக்கு ஒரு திட்டக் குழு வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு இடமாவது நகராட்சி உறுப்பினர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு உரியது. நகரமும் கிராமமும் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, சுற்றுச்சூழலை எப்படிக் காப்பது என்று அந்தக் குழு பார்க்க வேண்டும். 2025-ல் பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. கிரேட்டர் பெங்களூர் ஆணையம் அவற்றுக்கு மேல் வந்தது. பலகை மாறலாம். மேட்டு நகரமும் பள்ளத்து ஊரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்ற தேவை மாறாது.

கிராம சபை வருடத்தில் இரண்டு முறையாவது கூட வேண்டும். அங்கே ஏரியின் எல்லை எது, ராஜகால்வாய் எங்கே போகிறது, மேய்ச்சல் நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்கலாம். பதிலை எழுதி வாங்கலாம்.

இங்கேதான் எழுத்தறிவு உதவுகிறது. கர்நாடகத்தில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க 1966-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. அதன்படி நோட்டீஸ் வந்தால், ஆட்சேபம் சொல்ல 30 நாள்தான். நோட்டீசை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தால் 30 நாளும் ஓடிவிடும். படித்துப் பார்த்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டலாம். பெங்களூர்ப் பக்கத்தில் நோட்டீஸ் கன்னடத்தில் வரும். பஹணியும் கன்னடத்தில்தான் இருக்கும். ஆகவே தமிழ் எழுத்துக் கற்றவர்கள் கன்னட எழுத்தையும் கற்க வேண்டும். ஓர் எழுத்து படித்தவருக்கு இன்னோர் எழுத்து கடினமில்லை.

வீட்டிலும் வேலை இருக்கிறது. ஈரக் குப்பை வேறு, உலர்ந்த குப்பை வேறு என்று பிரியுங்கள். கூரையில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள், அல்லது குழி வெட்டி நிலத்தில் இறக்குங்கள். தண்ணீர் விற்பவர் இருந்தால், ஊர் கூடி ஓர் அளவு வையுங்கள்.

ஓரத்து ஊர் நன்றாக இருந்தால் நகரத்துக்குப் பால் வரும், காய்கறி வரும், கிணற்றில் தண்ணீர் இருக்கும். அதைக் கெடுத்தால் நகரமும் தவிக்கும். 2024 கோடை அதைக் காட்டிவிட்டது. இரண்டும் ஒரே ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவை. கணக்கையும் சேர்ந்தே எழுதட்டும்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் எத்தனை ஏரிகள் இருந்தன? இப்போது எத்தனை இருக்கின்றன?

2. உங்கள் வீட்டுக் கழிவுநீர் கடைசியில் எந்த ஏரிக்கு, எந்த ஆற்றுக்குப் போகிறது?

3. போர்வெல் தண்ணீரை விற்பது சரியா? யார் அளவு வைக்க வேண்டும்?

4. அடுத்த கிராம சபையில் அல்லது வார்டுக் கூட்டத்தில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.